எல்லோருடைய கையும் பாக்கியத்தின் கூடைக்கே

அன்றைக்குப் பனி கலையவேயில்லை. மலையேறிய பெண்களில் முனியம்மாவின் முதுகில் மட்டும் இரண்டு கூடைகள். ஒன்று அவளுடையது, மற்றது பாக்கியத்துடையது. பாக்கியம் வரவில்லை. அவள் கூடை மட்டும் வேலைக்கு வந்திருந்தது.

நிரை பிரித்துக்கொண்டு தேயிலைக் கொழுந்து எடுக்க ஆரம்பித்தோம். முனியம்மா அந்தக் காலிக் கூடையைப் பாதையோரத்தில் ஒரு கல்லின்மேல் வைத்தாள். அந்தப் பக்கம் வந்தவள் போனவள் எல்லாரும் தங்கள் கூடையிலிருந்து ஒரு பிடி கொழுந்தை அள்ளி அதில் போட்டுவிட்டுப் போனார்கள். நிறுவைக்கு முன்பே கூடை பொங்கி நின்றது. கிராணி அதைத் தராசில் மாட்டி, பாக்கியத்தின் பெயரில் எடையை எழுதிக்கொண்டார்.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

சொல்வதற்கு என்ன வெட்கம்? போன வாரம் இந்தப் பத்தியில் என் கல்யாணக் கதையைப் படித்துவிட்டு என் நாத்தனார் ஈப்போவிலிருந்து போன் போட்டாள். “எல்லாத்தையுமா அண்ணி எழுதுவீங்க?” என்றாள். ஆமாம், எல்லாத்தையும்தான். இந்த வாரம் பொறாமையைப் பற்றி. படிக்கப் பிடிக்காவிட்டால் அவள் சமையல் குறிப்புப் பக்கத்துக்குப் போகட்டும்.

பிடி போடுவது

கொழுந்து வெட்டும் கத்திரி வந்து கை வேலையைக் குறைப்பதற்கு முந்தின காலம் அது. விரலால்தான் கொழுந்து கிள்ள வேண்டும். பிள்ளை பெற்றவள், காய்ச்சலில் படுத்தவள், சாவு விழுந்த வீட்டுக்காரி, இவர்களில் யாராவது மலைக்கு வர முடியாமல் போனால் அவள் கூடையை யாராவது தூக்கிக்கொண்டு போவார்கள். ஆளுக்கு ஒரு பிடி. அதற்கு நன்றி சொல்லக் கூடாது. போடுகிறவளும் போட்டேன் என்று சொல்லக் கூடாது. துரைக்குத் தெரியுமோ என்னவோ, கங்காணிக்குத் தெரியும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது வராதவளுக்குப் பதில் இன்னொருத்தி “இருக்கேன்” என்பாள். கங்காணி அந்த நேரம் பார்த்து மூக்கைச் சிந்துவார்.

மற்றவர்களுக்கெல்லாம் இந்த உதவி சில நாள்தான். பாக்கியத்துக்கு மட்டும் அது வருஷக் கணக்காக நடந்தது. காரணம் அவள் மகன் சூசை.

நானும் போடுவேன். சில நாள் போடுவது போலக் கையை மட்டும் ஆட்டுவேன்.

என் மகள்

எனக்கும் ஒரு பிள்ளை இருந்தது. தேவி. அப்போது அவளுக்கு ஒன்பது வயது இருக்கும். பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஜன்னல் கம்பியில் ஒழுகும் தண்ணீரை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பாள். வேறு ஆள் கிட்டே வந்தால் கத்துவாள், தொட்டால் கடிப்பாள். சோறு என் கையால்தான். நான் ஊட்டாவிட்டால் அன்றைக்குப் பட்டினி. அவள் அப்பா ஊட்டினாலும் வாயைத் திறக்க மாட்டாள்.

அவர் கோலா தெர்லாவில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்தார். சனிக்கிழமை முட்டைக்கோஸ் ஏற்றும் லோரியில் வருவார், ஞாயிறு சாயங்காலம் போய்விடுவார். லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எங்கள் வீடு என் வேலைக்காகத் தோட்டம் கொடுத்தது. நான் வேலையில் இருந்தால்தான் வீடு.

தேவி சின்னவளாக இருந்தவரை ஆயாக் கொட்டகையில் விட்டேன். ஆயா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொள்வாள். “சரசு, ஒம்மவ இன்னிக்கும் என்னைக் கடிச்சிடுச்சி. என்னால முடியாதுலா.” கடைசியில் முடியாது என்றே சொல்லிவிட்டாள். மலைக்கு என்னோடு கூட்டிப் போய்ச் சாக்கு விரித்து உட்கார வைத்துப் பார்த்தேன். காற்று மாறினால்கூடக் கத்துவாள். பெண்கள் என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை போதாதா?

இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. டவுனில் மாதம் ஒரு சனிக்கிழமை இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்கள் கூடுகிறார்கள். கறிபாப், தேத்தண்ணி எல்லாம் உண்டு. ஒருத்தி அழுதால் இன்னொருத்தி முதுகைத் தடவுகிறாள். போன கூட்டத்தில் ஒரு சின்னப் பெண் என்னைக் கேட்டாள். “ஆண்ட்டி, அந்தக் காலத்துல உங்களுக்கெல்லாம் யாரு சப்போர்ட்?” நான் சிரித்துவிட்டேன். அவள் முகம் வாடிப்போனது. அவளுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

தோத்திரம் சொல்லும் பிள்ளை

பாக்கியம் எனக்கு அடுத்த வீடு. என்னைவிட மூத்தவள், அதனால் எனக்குப் பாக்கியக்கா. வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். புருஷன் இல்லை. சூசை ஒருத்தன்தான். பன்னிரண்டு வயதுப் பையன். பேச்சு குழறும், சட்டைப் பித்தான் போடத் தெரியாது. ஆனால் வாயெல்லாம் சிரிப்பு. பார்த்தவர்களுக்கெல்லாம் கைகூப்பித் “தோத்திரம்” என்பான். தபால்காரருக்குத் தோத்திரம், கிராணிக்குத் தோத்திரம், துரை வீட்டு நாய்க்கும் தோத்திரம்.

அவனோடு ஒரே ஒரு தொல்லைதான். யார் கையைப் பிடித்தாலும் கூடப் போய்விடுவான். ஒரு தரம் கம்போங் ராஜா போகிற லோரியில் ஏறி உட்கார்ந்து, பார்த்தவர்களுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டே போனான். அதிலிருந்து அவனை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாயிற்று. வாரத்தில் சில நாள் பாக்கியம் வேலைக்குப் போகாமல் வீட்டில் நிற்பாள், மற்ற நேரம் லயமே பார்த்துக்கொண்டது. ஒருத்தி வீட்டில் பசியாறுவான், இன்னொருத்தி வீட்டில் குளிப்பான். கோயில் திருவிழாவில் மணி அடிப்பவன் அவன்தான். வேதக்காரப் பையன் அம்மன் கோயில் மணியை அடிக்கிறானே என்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

சூசைக்குக் காய்ச்சல் என்றால் அவன் வீட்டு வாசலில் செருப்புக் குவியும். கியா பார்ம் பக்கம் போனவள் அவனுக்கென்று ஸ்ட்ராபெரி வாங்கி வருவாள். என் தேவிக்குக் காய்ச்சல் வந்த வாரம் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் சாத்திக்கொண்டன, சத்தம் கேட்கக் கூடாதென்று.

ரெண்டு பேரும் ஒரே மாதிரிதானே? ரெண்டு பேரும் துணை இல்லாமல் ஒரு நாள் ஓட்ட முடியாதவர்கள்தானே? சிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஊரே அம்மா. சிரிக்கத் தெரியாத பிள்ளைக்கு நான் ஒருத்தி. இதை நினைத்தே எனக்கு ராத்திரிச் சோறு இறங்காது.

கங்காணி வந்தார்

வேலைக்குப் போகாத நாட்கள் கூடிக்கொண்டே போயின. ஒருநாள் கங்காணி வீட்டுக்கே வந்தார். உள்ளே வரவில்லை. குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றார்.

“சரசு, தொரை கேட்டுட்டாரு. புதுசா கல்யாணம் கட்டுன ஜோடி ஒண்ணு வீட்டுக்குக் காத்திருக்கு. இனிமே நீ பெரட்டுக்கு ஒழுங்கா வரலேன்னா பேரை வெட்டிடுவாங்க. நான் எத்தனை தடவை மூக்கைச் சிந்துறது?”

“புள்ளைய எங்கண்ணே விடுறது?”

“ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சொன்னாரே, கீழ டவுன்ல ஒரு இல்லம் இருக்காம். இந்த மாதிரி புள்ளைங்கள வச்சிப் பாத்துக்குவாங்களாம்.”

சனிக்கிழமை வந்த என் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். “கொண்டு போய் விட்டுட்டு வந்துடலாம் சரசு. மாசம் ஒருதரம் பாத்துட்டு வரலாம்.”

“அங்க அவளுக்கு யாருங்க சோறு ஊட்டுவா?”

வீடு போனால் மூன்று பேரும் தெருவில். அவளை அனுப்பினால் பட்டினி கிடந்தே செத்துப்போவாள். என் கையைத் தவிர இன்னொரு கையிலிருந்து அவள் ஒரு வாய் வாங்கிக்கொண்டால் போதும். எல்லாச் சாமியிடமும் அந்த ஒன்றைத்தான் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைச் சண்டை

மறுநாள் ஜெபம் முடித்துவிட்டுப் பாக்கியம் என் வீட்டுக்கு வந்தாள். முக்காடுகூட எடுக்கவில்லை. சூசை பின்னாலேயே வந்து எனக்குத் தோத்திரம் சொன்னான். தேவி சுவர் மூலைக்குப் போய்க் கத்த ஆரம்பித்தாள்.

“கங்காணி வந்தாராமே. என்னா செய்யப் போறே?” என்றாள் பாக்கியம்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! “ஒனக்கென்னக்கா? லயமே ஒம் பின்னாடி நிக்குது. ஒங் கூடைக்கு விழற கொழுந்துல பாதி எங் கூடைக்கு விழுந்தா நான் ஏன் இப்படி நிக்கிறேன்? ஒம் மவனும் அப்படித்தான், எம் மவளும் இப்படித்தான். ஒனக்கு மட்டும் ஊரு, எனக்கு ஒண்ணுமில்ல.”

“நீ யாரைக் கிட்ட சேத்தே? போன தீபாவளிக்கு முனியம்மா முறுக்கு கொண்டாந்தப்ப கதவைப் படார்னு சாத்துனவதானே நீ?”

“கடிச்சிடுவாளேன்னு சாத்துனேன்!”

“அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

நான் அழுதேன். பாக்கியம் என்னைத் தேற்றவில்லை. அவளும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவள் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

“நான் ஒன்னப் பாத்து எத்தனை நாள் வயித்தெரிஞ்சிருக்கேன் தெரியுமா சரசு? நீ மலையேறுறப்ப ஒம் மவ எப்படிக் கத்துது! அம்மா போறான்னு அதுக்குத் தெரியுது. எம் மவன் எனக்குத் தோத்திரம் சொல்லுவான், அதே வாயால அடுத்தவளுக்கும் சொல்லுவான். அன்னிக்கு லோரில ஏறிப் போனானே, நான் பின்னாலேயே அலறிக்கிட்டு ஓடுறேன், எனக்கும் கையாட்டுறான். நாளைக்கு நான் செத்தா வேற ஒருத்தி கையைப் புடிச்சிக்கிட்டு சிரிச்சிக்கிட்டே போயிடுவான். என்னைத் தேட மாட்டான்லா.”

சூசை அம்மாவின் முக்காட்டு நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டு சிரித்தான். தேவி கத்துவதை நிறுத்தவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தி பிள்ளையை ஒருத்தி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எழுந்து போகும்போது பாக்கியம் சொன்னாள். “நாளைக்கு நீ மலைக்குப் போ. ரெண்டையும் நான் பாத்துக்குறேன். மறுநாள் நான் போறேன், நீ பாரு. வீட்டுல நிக்கிறவ கூடை முனியம்மா முதுகுல போவட்டும்.”

“எங் கூடைக்கு எவக்கா போடுவா?”

“போடுவாங்க. நான் சொன்னேன்னா போடுவாங்க.”

உதவி செய்ய வந்தவள்தான். ஆனாலும் அந்தக் கடைசி வார்த்தையில் இருந்த மிதப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

மலைக்குக் கேட்ட சத்தம்

முதல்நாள் நிரையில் நின்றபோது கீழே லயத்திலிருந்து தேவியின் கத்தல் மேலே வந்துகொண்டே இருந்தது. பனிக்குள் ஆளைப் பார்க்க முடியாது, சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கும். கை கொழுந்தைக் கிள்ளுகிறது, காது வீட்டில் இருக்கிறது. பாக்கியத்தின் கூடைக்கு அன்றைக்கு நிஜமாகவே ஒரு பிடி போட்டேன்.

சாயங்காலம் போய்ப் பார்த்தால் பாக்கியத்தின் கையில் துணிக்கட்டு. தேவி கடித்திருக்கிறாள். சோறு தட்டிலேயே காய்ந்து கிடந்தது.

“சாப்பிடலியாக்கா?”

“தட்டைத் தூக்கி எறிஞ்சிது. போய் ஊட்டு போ.”

என் மனத்துக்குள் ஒரு மூலையில் சின்னதாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. பார்த்தாயா, எத்தனை பேர் பின்னால் நின்றாலும் என் பிள்ளையிடம் உன் பாச்சா பலிக்காது! வீடு போகப்போகிறது என்று தெரிந்தும் அந்தச் சந்தோஷம் வந்தது.

மறுநாள் என் முறை. சூசை என் வீட்டில் அடுப்பங்கரை, அலமாரி, உரல் என்று ஒவ்வொன்றுக்கும் தோத்திரம் சொன்னான். தேவி அவனைக் கடிக்கவில்லை, அவன் பக்கம் திரும்பவுமில்லை. சாயங்காலம் முனியம்மா என் கூடையைக் கொண்டுவந்து வைத்தாள். அடியில் கொழுந்துத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. உள்ளே முகத்தை வைத்து மோந்து பார்த்தேன். பச்சை வாசம்.

“நெறைஞ்சிதா முனிம்மா?”

“நெறைஞ்சிது, நெறைஞ்சிது.”

“பாக்கியக்கா கூடை நெறையிற மாதிரி நெறைஞ்சிதா?”

“அடிப்பாவி! ஒனக்கெல்லாம் கொழுந்து போட்டோம் பாரு!” என்று தலையில் அடித்துக்கொண்டு போனாள். லயம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நான் யாரையும் கிட்ட சேர்க்காதவள் என்ற பேச்சு அந்தச் சிரிப்போடு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

ஆனால் தேவி பாக்கியத்தின் கையால் சாப்பிடவில்லை. பாக்கியம் பார்த்துக்கொண்ட நாளெல்லாம் மகள் பட்டினி கிடந்தாள். நான் மலையிலிருந்து இறங்கி வந்து ஊட்டுவேன். கழுத்தெலும்பு துருத்த ஆரம்பித்தது. டிரெஸ்ஸர் மறுபடி அந்த இல்லத்தைப் பற்றிச் சொல்லி அனுப்பினார். இன்னும் எத்தனை நாள் இப்படி ஓட்ட முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

சத்தம் நின்ற நாள்

ஒரு மத்தியானம் மலையில் நிற்கிறேன், கீழிருந்து சத்தமே வரவில்லை.

முதலில் காற்று மாறியிருக்கிறது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கூடையை அப்படியே போட்டுவிட்டுச் சரிவில் ஓடினேன். “ஏ சரசு, எங்க ஓடுறே? நிறுவ வேணாமா?” என்று கங்காணி பின்னால் கத்தினார். செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

பாக்கியத்தின் வீட்டுக் கதவு திறந்திருந்தது.

தரையில் பாக்கியம் உட்கார்ந்திருந்தாள். தேவி அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆனால் முழங்கால் படுகிற நெருக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சோற்றில் பருப்பைப் பிசைந்து பாக்கியம் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினாள். தேவி தலையைச் சாய்த்து வாயைத் திறந்தாள். வாங்கினாள், மென்றாள், விழுங்கினாள். மறுபடி வாயைத் திறந்தாள்.

எந்தச் சாமி காதில் விழுந்ததோ, நான் கேட்டது அதுதான். இனி வீடு போகாது. மகள் எங்கேயும் போக வேண்டாம். வாசலில் நின்றவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் வந்தது வேறு. ஒன்பது வருஷமாக என் கையைத் தவிர வேறு கை அறியாத வாய். அது இன்னொருத்தி கைக்குத் திறக்கிறது. ஓடிப்போய்த் தட்டைப் பிடுங்கலாமா என்றுகூடத் தோன்றியது.

தேவி என்னைப் பார்த்தாள். ஆமாம், பார்த்தாள். பார்த்துவிட்டு அடுத்த வாய்க்காகப் பாக்கியத்தின் பக்கம் தலையைச் சாய்த்தாள்.

“எப்படிக்கா?” என்றேன். “என்னா செஞ்சே? பாட்டுப் பாடுனியா? கதை சொன்னியா? எப்படி வாங்குறா?”

பாக்கியம் தட்டை வழித்துக் கடைசி உருண்டையை உருட்டினாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சூசையைப் பெற்ற அன்றைக்குக்கூட அவள் அப்படி இருந்திருக்க மாட்டாள்.

“சொல்ல மாட்டேன் போ” என்றாள். “எனக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்லா.”

மூடிய கதவு

அதற்குப் பிறகு வருஷங்கள் அப்படியே ஓடின. ஒருநாள் அவள் கூடை, ஒருநாள் என் கூடை. கத்திரி வந்த பிறகும் வீட்டில் நிற்கிறவளுக்கு எப்படியோ எடை சேர்ந்தது. மத்தியானச் சோறு மட்டும் பாக்கியத்துடையது. நான் வீட்டில் இருக்கும் நாளிலும், அவள் மலையிலிருந்து இறங்கும்வரை தேவி மத்தியானத்தில் வாய் திறக்க மாட்டாள். எப்படி என்று பல தடவை கேட்டுப் பார்த்தேன். அவளைப் போலவே தோளுக்கு மேலாக நீட்டிப் பார்த்தேன். தேவி என் கையை ஒதுக்கிவிடுவாள். பாக்கியம் ஓரமாக நின்று சிரிப்பாள்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன பாக்கியம் திரும்பி வரவில்லை.

அடக்கம் முடிந்து லயத்துக்கு வந்தோம். அவள் பயந்தபடியேதான் ஆயிற்று. சூசை அப்போது வாலிபன். என் கையைப் பிடித்துக்கொண்டு, எதிரே வந்தவர்களுக்கெல்லாம் தோத்திரம் சொல்லிக்கொண்டு, சிரித்துக்கொண்டே என் வீட்டுக்கு வந்தான். நான் போட்ட பாயில் படுத்து நன்றாகத் தூங்கினான். மறுநாளும் அம்மா எங்கே என்று அவன் கேட்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் தேவிக்குச் சோறு பிசைந்தேன். அவள் என் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டாள். என் வீட்டு வாசலைத் தாண்டினாள். தேவி தானாக எங்கேயும் போனதில்லை. அடுத்த வீட்டு வாசலில், மூடியிருந்த கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தாள். தலையைத் தோள் பக்கம் சாய்த்தாள். வாயைத் திறந்தாள். அப்படியே காத்திருந்தாள்.

நான் பெற்ற பிள்ளை யாரையும் இப்படித் தேடி நான் பார்த்ததில்லை. அந்த நிமிஷத்திலும், பாக்கியத்தைப் புதைத்து ஒரு நாள்கூட ஆகாத அந்த நிமிஷத்திலும், எனக்கு அவள் மேல் பொறாமைதான் வந்தது.

போய்த் தேவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். சூசையும் வந்து உட்கார்ந்தான்.

“பாக்கியக்கா, ஒன்னத் தேடுதுக்கா” என்று அந்தக் கதவைப் பார்த்துச் சொன்னேன்.

சூசை கைகூப்பிக் கதவுக்குத் தோத்திரம் சொன்னான்.